மாலத்தீவில் மகவு காத்த வரலாறு

தாயின் குருதியிலுள்ள நோய் அவள் ஈன்றெடுக்கும் மகவையும் பற்றுதல் பண்டுதொட்டு மக்களை வருத்திவரும் துன்பங்களுள் ஒன்றாகும். குற்றம் யாதும் அறியாத குழவி உலகைக் காணுமுன்னரே நோய்க்கு ஆளாகின்றது. அதனைத் தன்னுயிரினும் மேலாகப் பேணுந் தாயே, தன்னை அறியாமல், அந்நோய்க்கு வாயிலாகின்றாள். எச்.ஐ.வி. என்னும் வைரஸ் இவ்வாறு பரவும் நோய்க் கிருமிகளுள் ஒன்று. இதனைத் தடுத்தல் இயலும் என்பது ஆராய்ச்சியாளர் கூற்று மட்டுமன்று. சின்னஞ்சிறு தீவுநாடொன்று தடுத்தும் காட்டியிருக்கின்றது. அதுவே மாலத்தீவு. எச்.ஐ.வி.யும், சிபிலிஸ் எனப்படும் மேகப்புண்ணும் அந்நாட்டில் தாயினின்று சேய்க்குப் பரவுதல் ஒழிந்தது என உலக சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டிற் சான்றளித்தது. பின்னர் 2025 அக்டோபரில், கல்லீரலைத் தாக்கும் ஹெப்பட்டைட்டிஸ்-பி நோயையும் சேர்த்து, மூன்றையும் ஒருங்கே ஒழித்த முதல் நாடு மாலத்தீவே என அந்நிறுவனம் அறிவித்தது.

இஃது எங்ஙனம் கைகூடிற்று என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள். தமிழ் பயில்வார்க்கு மருத்துவத்தில் என்ன வேலை என நண்பர் சிலர் வினவக்கூடும். இவ்வரலாற்றில் மருந்துக்குரிய பங்கு பாதியே. எஞ்சிய பாதி மக்களின் அச்சத்தையும் நாணத்தையும் நம்பிக்கையையும் பற்றியது. அவை எம்போன்றோர்க்கும் உரிய பொருள்களே.

முதற்கண் நாட்டின் இயல்பைக் கூறுவோம். குமரிமுனைக்குத் தென்மேற்கே, இந்துமாக்கடலில், வடக்குத் தெற்காக ஏறத்தாழ 870 கிலோமீட்டர் நீளத்திற்கு மணிமாலைபோலச் சிதறிக் கிடப்பவை மாலத்தீவுகள். பவழப்பூச்சிகள் கட்டிய இத்தீவுகள் ஏறக்குறைய 1,190 ஆகும். அவற்றுள் மக்கள் ஊர் அமைத்து வாழ்பவை 200-க்கும் குறைவே. முதலாம் இராசராசன் தன் கல்வெட்டுக்களில் தான் வென்றனவாகக் குறிக்கும் கடற்பழந்தீவுகள் இவையே என்பர் வரலாற்றறிஞர். பவழத்தீவுகள் வளையமாக அமைந்த கூட்டத்தை ஆங்கிலேயர் 'அடோல்' என்கின்றனர். அச்சொல் அம்மக்களின் திவேகி மொழியினின்று சென்றதாகும்; நம் கட்டுமரம் ஆங்கிலத்திற் புகுந்தது போன்றே இதுவும் புகுந்தது. அவர்தம் படகின் பெயர் 'தோனி'. நம் தோணியோடு அதற்குள்ள ஒலியொற்றுமையைத் தமிழ் மாணவர் எவரும் கவனியாது விடார்.

2022-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அங்கு வாழ்வோர் 5 இலட்சத்து 15 ஆயிரவர். அவருள் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கினர் மாலே என்னும் தலைநகரில் நெருங்கி வாழ்கின்றனர். ஏனையோர் கடல்நடுவே சிதறிய சிற்றூர்களில் வாழ்கின்றனர். ஆயிரம் பேர்கூட இல்லாத தீவுகள் பல. ஒரு தீவினின்று மற்றொன்றிற்குச் செல்லப் பெரும்பாலும் படகே துணை. பருவக்காற்று வீசுங்காலத்துக் கடல் கொந்தளிக்குமாயின் அத்துணையும் இல்லை. நாட்டின் பரப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நீர் என்பதை நினைவிற் கொண்டே மேல்வருவனவற்றைப் படித்தல் வேண்டும்.

இனி நோயின் இயல்பு. இது தாயினின்று சேயை அடைதற்கு வழிகள் மூன்று. கருவிருக்குங்காலம் ஒன்று, மகப்பேற்று நேரம் ஒன்று, பாலூட்டுங்காலம் ஒன்று. தாயின் குருதியும் சேயின் குருதியும் கருப்பையில் ஒன்றோடொன்று கலந்தோடுகின்றன எனப் பலர் எண்ணுகின்றனர். அங்ஙனமன்று. இரண்டிற்குமிடையே நஞ்சுக்கொடி ஒரு வேலியாக நின்று, உணவையும் உயிர்வளியையும் உள்ளே விட்டுப் பிறவற்றைப் பெரும்பாலும் தடுத்துவிடுகின்றது. ஆதலால், நோயுற்ற தாயர் ஈன்ற மகவுகளுட் பல, மருந்து யாதும் இன்றியே தப்பிவிடுகின்றன. மகப்பேற்றின்போது இவ்வேலி தளர்கின்றது. தாயின் குருதியிலும் பிற நீரிலும் தோய்ந்தே குழந்தை வெளிப்படுகின்றது. அந்நேரமே பேரிடர் மிக்கது. அதன்பின் பாலும் ஒரு வழியாகின்றது. மருத்துவ உதவி யாதும் இல்லாவிடின் நூறு மகவுகளில் 15 முதல் 45 வரை நோய் பெறுதல் கூடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தார் கணக்கு.

இக்கணக்கை முதன்முதல் அசைத்தது, அமெரிக்காவிலும் பிரான்சிலும் நிகழ்ந்து 1994-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி. ஜிடோவுடின் என்னும் மருந்தைத் தாய்க்குக் கருவுற்ற காலத்தும் மகப்பேற்றின்போதும், சேய்க்குப் பிறந்தபின் ஆறு வாரமும் அளித்தனர். அம்மருந்து பெறாதார் கூட்டத்தில் நூற்றுக்கு 25 குழந்தைகள் நோயுற்றன. பெற்றார் கூட்டத்தில் 8 குழந்தைகளே நோயுற்றன. 1999-ஆம் ஆண்டில் உகாண்டா நாட்டினின்று மற்றொரு செய்தி வந்தது. நெவிரபின் என்னும் மலிவான மருந்தை மகப்பேற்று வலி தொடங்கியபோது தாய்க்கு ஒரு முறையும், பிறந்த மூன்று நாட்களுக்குள் சேய்க்கு ஒரு முறையும் கொடுத்தாலே நோய்ப்பரவல் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இக்காலத்து முறை இவ்விரண்டினும் மேம்பட்டது. மருந்துகள் மூன்றைச் சேர்த்து, தாய்க்கு அவள் வாழ்நாள் முழுவதும் அளிக்கின்றனர். குருதியில் வைரஸின் தொகை அளந்தறிய முடியாத அளவிற்கு அருகிவிடின், அது சேயை அடைதல் நூற்றுக்கு ஒன்றினுங் குறைந்துவிடும். தாயும் நெடுநாள் நலமுடன் வாழ்கின்றாள். தாயற்ற பிள்ளையைக் காப்பது அரைகுறைக் காவலேயாதலால் இதனையும் சிறப்பாகக் குறித்தல் தகும்.

மருந்து இத்துணை வலியதாயின் நோய் ஏன் இன்னும் ஒழியவில்லை? 2023-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 1 இலட்சத்து 20 ஆயிரம் குழந்தைகள் புதிதாக இதனைப் பெற்றனர். மருந்து இன்மையால் அன்று. பெரும்பாலும் அம்மருந்து உரிய தாயை உரிய காலத்தில் அடையாமையாலும், அடைந்த பின்னும் இடையில் நின்றுவிட்டமையாலும் இது நேர்ந்தது. இந்நோய் உடம்பிற் புகுந்து பல்லாண்டு கழியும்வரை வெளிக்குறி யாதும் காட்டாதிருத்தல் கூடும். முகம் தெளிவாயிருக்கும், உடல் வலிவாயிருக்கும், கருவுற்ற பெண்ணுக்குத் தானே ஐயம் எழாது. குருதியைச் சோதித்தாலன்றி அறிய வழியில்லை.

எவரைச் சோதிப்பது என்னும் வினா இங்கு எழுகின்றது. ஐயத்துக்குரியார் எனச் சிலரைப் பிரித்துச் சோதித்தல் ஒரு முறை. இதனினும் தீய முறை பிறிதில்லை என்பது எம் கருத்து. பிரிக்கப்பட்ட பெண் அந்நொடியே ஊராரின் பழிக்கு ஆளாகின்றாள். அதற்கு அஞ்சிப் பிறர் மருத்துவமனை வாயிலையே மிதியார். கணவன்வழி நோய் பெற்ற இல்லத்தரசியோ எவர் ஐயத்துக்கும் உரியவளாகாமல் தப்பிவிடுகின்றாள். ஆயின் அவள் குழந்தை தப்புவதில்லை. ஆதலின் கருவுற்றார் யாவரையும் வேறுபாடின்றிச் சோதித்தலே நேரிய முறை. குருதியின் வகை பார்த்தல், சோகை பார்த்தல், சிறுநீர் பார்த்தல் என வழக்கமாக நிகழும் சோதனைகளுள் இதுவும் ஒன்றாகிவிடின், அதற்கு உடன்படுவதில் நாணம் இல்லை. மாலத்தீவில் இம்முறையே நடைபெற்றது. கருவுற்ற மகளிருள் நூற்றுக்கு 95-க்கு மேற்பட்டோர் அங்கு மருத்துவப் பேணுதல் பெறுகின்றனர்; அவருள் ஏறக்குறைய அனைவர்க்கும் மூன்று நோய்களுக்கும் சோதனை நிகழ்கின்றது.

இவ்விடத்து எண்களைச் சற்று நின்று நோக்குவோம். இவ்வரலாற்றின் உயிர்நிலை இங்குதான் உள்ளது. மாலத்தீவில் எச்.ஐ.வி. மிக அரிது. முதல் நோயாளி 1991-ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டார். இன்றளவும் மக்கள்தொகையில் ஆயிரத்தில் ஒருவர்க்கும் குறைவாகவே இந்நோய் உள்ளது. கணக்கின் பொருட்டு ஐயாயிரம் தாயரைச் சோதிப்பதாகக் கொள்வோம். அவருள் மெய்யாகவே நோயுடையார் ஒருவராகவும் இருக்கலாம். ஒருவரும் இல்லாமலும் போகலாம். சோதனையோ எத்துணைச் சிறந்ததாயினும் முற்றும் பிழையற்றதன்று. நோயற்ற ஆயிரவரில் ஒருவரை மட்டும் நோயுடையாரெனத் தவறாகக் காட்டுவதாகக் கொண்டாலும், ஐயாயிரவரில் ஐவர் வீணே அச்சுறுத்தப்படுவர். மெய்யாக நோயுற்றவள் ஒருத்தி. நோயற்றிருந்தும் நோயுடையாளெனக் காட்டப்பட்டவர் ஐவர்! நோய் மலிந்த நாட்டில் முதற்சோதனையின் விடை பெரும்பாலும் மெய்யாகும். நோய் அருகிய நாட்டிலோ, அதே கருவி, அதே கை, பெரும்பாலும் பொய்யுரைக்கின்றது. கணிதம் பயிலும் நண்பர்கள் இதனை எம்மினும் நன்கு விளக்குவர்.

ஆகவே முதற்சோதனை தீர்ப்பாகாது. அதனை வேறு வகையான சோதனைகள் கொண்டு மீண்டும் பார்த்து உறுதிசெய்த பின்னரே மருத்துவர் தாயிடம் வாய்திறத்தல் வேண்டும். பெருநகரில் இஃது எளிது. சிறு தீவிலோ குருதி கடல் கடந்து செல்லவேண்டியதாகும். விடை கடல் கடந்து மீளவேண்டியதாகும். இடைப்பட்ட நாட்களில் மறைபொருள் காத்தல் எங்ஙனம்? எழுநூறு பேர் வாழும் தீவில் அனைவரும் அனைவரையும் அறிவர். செவிலி ஒருத்தி அண்டை வீட்டாளாக இருப்பாள். குருதிக்குப்பியைப் படகில் ஏற்றுவோன் மைத்துனனாக இருப்பான். இன்னார்க்கு மட்டும் இரண்டாம் முறை குருதி எடுத்தனர் என்னும் ஒரு சொல் போதும்; ஐவருள் எவளாயினும், நோயற்றவளே ஆயினும், அவள் வாழ்வு கெட்டுவிடும். ஊர்ச்சிறுமை இடர் என்றே பலரும் கருதுவர். ஆயின் அச்சிறுமையே துணையாவதும் உண்டு: கருவுற்ற பெண் ஒருத்திகூட மருத்துவ ஊழியர் கண்ணுக்குத் தப்பமாட்டாள், அவள் இம்மாதம் வரவில்லையெனின் ஏன் என வீட்டிற்கே சென்று வினவலாம். ஒரே கண் காக்கவும் செய்கின்றது, அம்பலப்படுத்தவும் செய்கின்றது. அது நாவடக்கமுடைய கண்ணாக இருத்தலிலேயே யாவும் அடங்கியுள்ளன. சமய ஒழுக்கம் இறுகப் போற்றப்படும் அந்நாட்டில் இந்நோயின் பெயரே பழிச்சொல்லாகக் கூடுமாதலின், மருத்துவ ஊழியரின் மௌனம் அங்கு மருந்துக்கு நிகராகும் என்று துணிந்து கூறுவோம்.

பொருட்செலவு பற்றியும் சிறிது கூறல் வேண்டும். கருவுற்ற மகளிர்க்குரிய பேணுதலும், சோதனையும், தடுப்பூசியும் அங்கு கட்டணமின்றி அளிக்கப்படுகின்றன. குடிமக்களுக்காக 'ஆசந்தா' என்னும் பொது மருத்துவக் காப்பீடு 2012-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. நாட்டின் மொத்த வருவாயில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் மருத்துவத்துக்குச் செலவிடுகின்றனர். இது பெருநாடுகள் பலவற்றையும் வெட்கப்படச் செய்யும் அளவு. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை அத்தீவுகளை அலைத்தபோது மருத்துவ நிலையங்களும் சிதைந்தன என்பதையும், அவற்றை மீண்டும் எழுப்பியே இந்நிலை எய்தினர் என்பதையும் நோக்குக.

மகவு பிறந்தபின் நிகழ்வன மருத்துவ நூலில் மிக நுட்பமான பகுதி. நோயுற்ற தாயின் குழந்தையைப் பிறந்தவுடன் வழக்கமான சோதனைக்கு உட்படுத்தினால், நோயற்ற குழந்தையும் நோயுடையதுபோலவே தோன்றும். அச்சோதனை வைரஸைத் தேடுவதன்று. வைரஸை எதிர்க்க உடல் ஆக்கிக்கொண்ட எதிர்ப்பொருளைத் தேடுவது. தாய் தன் எதிர்ப்பொருளை நஞ்சுக்கொடி வழியே சேய்க்கு வழங்குகின்றாள். எல்லா நோய்களுக்கும் எதிராக அவள் அளிக்கும் சீதனம் அது. அச்சீதனம் குழந்தையின் குருதியில் 18 மாதம்வரை தங்கியிருத்தல் கூடும். ஆதலின் நான்கு முதல் ஆறு வாரத்தில் வைரஸையே நேராகத் தேடும் பி.சி.ஆர். என்னும் சோதனை வேண்டப்படுகின்றது. அக்கருவிகள் எத்தீவிலும் இருப்பனவல்ல. இதற்கிடையில் குழந்தைக்கு நெவிரபின் அல்லது ஜிடோவுடின் மருந்தைச் சில வாரங்கள் துளித்துளியாகப் புகட்டுகின்றனர்.

தாய்ப்பால் பற்றி ஒருகாலத்து அறிஞரிடையே பெருங்கலக்கம் நிலவிற்று. பாலில் வைரஸ் உண்டென அறிந்து, நோயுற்ற தாயர் பாலூட்டலாகாது என்றனர். ஏழை நாடுகளில் மாற்றுப்பால் கரைக்கத் தூயநீர் இன்மையால் குழந்தைகள் வயிற்றுப்போக்கால் மாண்டனர். தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரில் நிகழ்ந்து 1999-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு வியத்தகு உண்மையொன்றைக் காட்டிற்று: முதல் மாதங்களில் தாய்ப்பால் ஒன்றையே பருகிய குழந்தைகளைவிட, தாய்ப்பாலோடு பிற உணவும் நீரும் கலந்து பெற்ற குழந்தைகளுக்கே நோய் மிகுதியாகப் பரவிற்று. பிற உணவு மென்குடலின் உட்புறத்தைச் சிதைத்து வைரஸுக்கு வழி திறக்கின்றது என்பது அதற்குக் கூறப்படும் காரணம். இன்று, தாய் தவறாது மருந்துண்ணும் நிலையில், ஆறு மாதம் தன் பாலே ஊட்டலாம் என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. தூயநீரும் மாற்றுப்பாலும் தட்டின்றிக் கிடைக்கும் நாடுகள் சில வேறு வழி கொள்கின்றன.

மற்ற இரு நோய்களையும் சுருங்கக் கூறி அமைவோம். மேகப்புண்ணுக்குப் பென்சிலின் ஊசி போதும். கருவுற்ற தாய்க்கு உரிய காலத்தில் இடின் சேயும் காக்கப்படும். ஹெப்பட்டைட்டிஸ்-பி நோய்க்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் இடும் தடுப்பூசியே அரண். கடல்நடுத் தீவில் நள்ளிரவிற் பிறந்த குழந்தைக்கும் மறுநாளிரவுக்குள் குளிர்பதனம் கெடாத ஊசிமருந்து கிட்டவேண்டும் என்பதை எண்ணின், அந்நாட்டுக் குழந்தைகளுள் நூற்றுக்கு 95-க்கு மேற்பட்டவை அதனைக் காலத்தில் பெறுகின்றன என்னும் செய்தியின் பெருமை விளங்கும்.

'ஒழிந்தது' என்னும் சொல்லைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பெரியம்மை உலகினின்று ஒழிந்ததைப் போன்ற ஒழிவன்று இது. கருவுற்றாருள் நூற்றுக்கு 95 பேர் பேணுதல் பெறுதல், 95 பேர் சோதிக்கப்படுதல், நோயுற்றாருள் 95 பேர் மருந்து பெறுதல், பாலூட்டும் நாடுகளில் நோய்ப்பரவல் நூற்றுக்கு 5-க்குக் கீழும் பாலூட்டாதவற்றில் 2-க்குக் கீழும் அமைதல், பிறக்கும் இலட்சம் குழந்தைகளுள் புதிதாக நோயுறுவோர் ஐம்பதின்மர்க்கு மேற்படாமை என்றிவை போன்ற அளவுகளை எய்தினால் அச்சான்று கிடைக்கும். 2015-ஆம் ஆண்டில் இதனை முதன்முதல் பெற்றது கியூபா, அதுவும் ஒரு தீவே. நம் அண்டைநாடாகிய இலங்கை 2019-ஆம் ஆண்டிற் பெற்றது. மாலத்தீவிலோ 2022, 2023 ஆகிய ஈராண்டுகளிலும் எச்.ஐ.வி.யோடோ மேகப்புண்ணோடோ ஒரு குழந்தைகூடப் பிறக்கவில்லை. ஆயினும் இச்சான்று பட்டயம்போலச் சுவரில் மாட்டி மறந்துவிடத்தக்கதன்று. அளவு குறையுமாயின் சான்றும் நீங்கும்.

குறைதற்குக் காரணங்கள் இல்லாமலில்லை. அந்நாட்டில் வாழ்வோருள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வேலை நாடிவந்த வெளிநாட்டார். அவருள் கருவுறும் பெண் உரிய சீட்டு இல்லாதவளாயின் வெளியேற்றப்படுவோமோ என அஞ்சி மறைவாள். வெளிநாட்டார்க்கும் இப்பேணுதல் உரியது என அரசு விதித்திருத்தல் போற்றத்தக்கதே. ஆயின் விதி அவள் காதுக்கு எட்டவேண்டும், அவள் மொழியில் எட்டவேண்டும். நாட்டினருள்ளும் ஊசிவழிப் போதைமருந்து கொள்வோர் ஊசியைத் தம்முட் பகிர்ந்துகொள்வதை 2008-ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டிற்று. நோய் இன்று அரிதாயிருப்பது இடரே இல்லை என்பதற்குச் சான்றாகாது. அன்றியும் பல்லாயிரம் சோதனைகள் செய்தும் நோயுற்ற தாய் ஒருத்தியும் அகப்படாத ஆண்டில், இச்செலவு எதற்கு என வினவும் கணக்கர் எந்நாட்டிலும் தோன்றுவர். கருவுற்ற பெண் கழுத்தில் தாலியும் கையில் குழந்தையுமாய் வருபவளோ, கடல் கடந்து கூலிக்கு வந்தவளோ, எவளாயினும் அவள் முகத்தைப் பார்த்து அவ்வினாவுக்கு விடையிறுத்தல் இயலாது. குருதியை எடுத்துப் பார்த்தபின்னரே இயலும். அடுத்த ஆண்டு வரும் ஆயிரக்கணக்கான தாயர்க்கும் அங்ஙனமே.